ஆங்கிலத்தில் எங்கே பெரிய எழுத்து, எங்கே சிறிய எழுத்து? புதிதாக எழுதத் தொடங்குபவர்களுக்கு

தமிழ் எழுத்துகளில் பெரிசு, சிறிசு கிடையாது. 'அ' எங்கே வந்தாலும் 'அ'தான். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. பள்ளியில் நமக்குச் சொல்லித் தருவது இரண்டே விதி: வாக்கியத்தின் தொடக்கத்தில் பெரிய எழுத்து, பெயருக்குப் பெரிய எழுத்து. வேலைக்கு விண்ணப்பம், அலுவலக மின்னஞ்சல், ஆய்வுக் கட்டுரை என்று நிஜமாகவே எழுத ஆரம்பித்ததும் இந்த இரண்டு விதியும் பாதி வழியிலேயே கையை விரித்துவிடுகின்றன. மீதியை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கித் தெரிந்துகொள்ள நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். 'பெரிய எம்', 'சின்ன எம்' என்று வரும் இடங்களில் ஒரு தாளை எடுத்து அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். கண்ணால் மட்டும் படித்தால் இது மனதில் தங்காது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து மரியாதைக்காகப் போடுவது அல்ல. முக்கியமான சொல் என்று காட்டவும் அல்ல. 'இது ஒரு குறிப்பிட்ட ஆளின், இடத்தின், அமைப்பின் பெயர்' என்று காட்டத்தான் அது. நம்மவர்கள் எழுதும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்து விடுபட்ட இடங்கள் குறைவு. வேண்டாத இடத்தில் போட்டவைதான் அதிகம். எனவே இந்தக் கட்டுரையில் 'எங்கே போடக்கூடாது' என்பதற்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

1. ஆரம்பிக்கும் முன் கையில் வேண்டியவை

ஒரு நல்ல அகராதி, ஒரு நடைக்கையேடு. இவ்வளவுதான்.

அகராதிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். மெரியம்-வெப்ஸ்டர், கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டின் மாணவர் அகராதி மூன்றையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு சொல்லைத் தேடி, அகராதியில் அது எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். சின்ன எழுத்தில் இருந்தால் அது பொதுச்சொல். பெரிய எழுத்தில் இருந்தால் எங்கே வந்தாலும் பெரிய எழுத்துதான். மெரியம்-வெப்ஸ்டரில் சில சொற்களுக்குப் பக்கத்தில், பெரிய எழுத்திலும் எழுதுவதுண்டு என்று குறிப்பே இருக்கும். ஒரு எச்சரிக்கை: ஃபோனில் தேடும்போது விசைப்பலகை தானாகவே முதல் எழுத்தைப் பெரிதாக்கிவிடும். தேடல் பெட்டியில் இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். வந்து விழும் பதிவில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

நடைக்கையேடு என்பது ஒரு பதிப்பகமோ பத்திரிகையோ தன் எழுத்துக்கு வைத்திருக்கும் விதித்தொகுப்பு. சிகாகோ (அமெரிக்கப் புத்தகப் பதிப்பாளர்கள் பின்பற்றும் கையேடு), ஏபி (அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் கையேடு) இரண்டின் இணையப் பதிப்புகளுக்கும் சந்தா கட்ட வேண்டும். புதிதாக எழுதுபவருக்கு அவை தேவையே இல்லை. கார்டியன் பத்திரிகையின் கையேடு, மைக்ரோசாஃப்ட்டின் கையேடு, பிரிட்டன் அரசு தன் இணையதளத்துக்கு வைத்திருக்கும் கையேடு ஆகியவை இலவசம். ஆய்வுக் கட்டுரை எழுதுபவர் என்றால் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) தன் தளத்தில் பெரிய எழுத்து பற்றித் தனிப் பக்கங்கள் வைத்திருக்கிறது, அதுவும் இலவசம். ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். இரண்டு மூன்றைக் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும், ஏனென்றால் அவை பல இடங்களில் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

நேரக் கணக்கு: அடிப்படையை ஒரு மாலையில் படித்துவிடலாம். கை பழகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை எழுதும்போதே யோசித்துத் தடுமாறாதீர்கள். மளமளவென்று எழுதிவிட்டு, கடைசியில் இதற்கென்றே ஒருமுறை படியுங்கள்.

2. யோசிக்காமல் போட வேண்டிய இடங்கள்

வாக்கியத்தின் முதல் சொல். இதில் சந்தேகம் இல்லை.

'நான்' என்ற பொருளில் வரும் ஐ. வாக்கியத்தின் நடுவில் வந்தாலும், 'ஐம்', 'ஐவ்' என்று ஒட்டி வந்தாலும் பெரிய எழுத்துதான். நண்பர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்தியில் யாரும் கேட்கமாட்டார்கள். அலுவலக மின்னஞ்சலில் சின்ன ஐ இருந்தால் அவசரத்தில் எழுதியது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். இன்னொரு விஷயம், 'மி', 'மை', 'வி' எல்லாம் சின்ன எழுத்துதான். சலுகை ஐக்கு மட்டும்.

மேற்கோள் குறிக்குள் முழு வாக்கியம் வந்தால் அதன் முதல் எழுத்தும் பெரியது. ஒருவர் சொன்னதில் இரண்டு மூன்று சொற்களை மட்டும் எடுத்து உங்கள் வாக்கியத்தோடு கோத்தால் சின்ன எழுத்து போதும்.

அரைப்புள்ளிக்குப் பிறகு சின்ன எழுத்து. முக்காற்புள்ளிக்குப் பிறகு என்ன என்பதில்தான் ஊருக்கு ஒரு வழக்கம். பிரிட்டிஷ் நடையில் பெரும்பாலும் சின்ன எழுத்து. ஏபிஏவில், முக்காற்புள்ளிக்குப் பின் முழு வாக்கியம் வந்தால் பெரிய எழுத்து. சின்ன எழுத்திலேயே நின்றுவிடுவது சுலபம்.

3. பெயரா, பொதுச்சொல்லா?

எல்லாத் தடுமாற்றமும் இங்கேதான். இந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்:

'ஐ ஆம் வொர்க்கிங் ஆஸ் எ சீனியர் அக்கவுன்டன்ட் இன் எ பிரைவேட் கம்பெனி அண்ட் ஐ ஹேவ் எ டிகிரி இன் காமர்ஸ்.'

விண்ணப்பங்களில் இதை எழுதும்போது சீனியர், அக்கவுன்டன்ட், பிரைவேட், கம்பெனி, டிகிரி, காமர்ஸ் ஆறுக்கும் பெரிய எழுத்து போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றாகப் பாருங்கள். சீனியர் அக்கவுன்டன்ட் என்பது ஒரு வேலை. எந்த நிறுவனத்திலும் அப்படி ஒருவர் இருக்கலாம். பிரைவேட் கம்பெனி என்பது ஒரு வகை, ஒரு நிறுவனத்தின் பெயர் அல்ல. டிகிரி பொதுச்சொல். காமர்ஸ் ஒரு பாடம். ஆக, இந்த முழு வாக்கியத்தில் பெரிய எழுத்து வர வேண்டிய இடம் இரண்டே இரண்டு, இரண்டும் ஐ. இதே வாக்கியத்தில் நிறுவனத்தின் பெயரை எழுதினால் அந்தப் பெயருக்குப் பெரிய எழுத்து வரும்.

சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி: இந்தச் சொல் உலகத்தில் ஒன்றே ஒன்றைக் குறிக்கிறதா, அல்லது இதுபோல் பல இருக்க முடியுமா? 'ரிவர்' பல உண்டு, சின்ன ஆர். 'ரிவர் தேம்ஸ்' ஒன்றுதான், பெரிய ஆர், பெரிய டி. 'யுனிவர்சிட்டி' பல, 'யுனிவர்சிட்டி ஆஃப் ஆக்ஸ்ஃபோர்டு' ஒன்று. ('ஆஃப்' மட்டும் சின்ன எழுத்து, பெயருக்கு நடுவே வரும் இணைப்புச் சொற்கள் சிறியதாகவே இருக்கும்.) ஒருமுறை முழுப் பெயரைச் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் வெறுமனே 'தி யுனிவர்சிட்டி' என்று வந்தால் பெரும்பாலான கையேடுகள் சின்ன யு போடச் சொல்கின்றன. சில நிறுவனங்கள் தங்களைப் பற்றி எழுதும்போது மட்டும் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளும். அது அவர்கள் வீட்டு வழக்கம்.

இந்தக் கேள்விக்கு மடங்காத வகைகளும் உண்டு. அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்:

கிழமைகள், மாதங்கள் எப்போதும் பெரிய எழுத்து. பருவங்கள் சின்ன எழுத்து: சம்மர், விண்டர், ஸ்பிரிங் எல்லாம் சின்னதே. 'மண்டே', 'ஜனவரி' பெரியதாக இருக்கையில் 'சம்மர்' ஏன் சிறியது என்று கேட்டால் வழக்கம் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. பண்டிகைகளின் பெயர் பெரிய எழுத்து.

மொழிகள், நாட்டினர், இனத்தார், மதங்கள், மதத்தைப் பின்பற்றுவோர் எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்து. 'தமிழ்' என்பதைச் சின்ன டியில் எழுதுவதை நம்மவர்களிடமே நிறையப் பார்க்கலாம். 'இங்கிலீஷ் டீச்சர்' என்று எழுதினால் இங்கிலீஷுக்குப் பெரிய எழுத்து, டீச்சருக்குச் சின்ன எழுத்து. பாடங்களில் இதே கணக்கு: ஹிஸ்டரி, மேத்தமேட்டிக்ஸ், பிசிக்ஸ் சின்ன எழுத்து, இங்கிலீஷ், ஃப்ரெஞ்சு, தமிழ் மொழியாக இருப்பதால் பெரிய எழுத்து. பாடத்திட்டத்தில் எண்ணோடு வரும் வகுப்பின் பெயர் என்றால், 'மேத்தமேட்டிக்ஸ் 101' என்பதுபோல, அது பெயராகிவிடுகிறது.

திசைகள். வடக்கே போனேன் என்றால் 'நார்த்' சின்ன எழுத்து. ஒரு நாட்டின் பெயரில் அல்லது எல்லாரும் ஒரு வட்டாரமாக அறிந்த இடத்தின் பெயரில் வந்தால் பெரிய எழுத்து: சவுத் கொரியா, மிடில் ஈஸ்ட்.

நூற்றாண்டு சின்ன எழுத்து. 'டுவெண்டியத் செஞ்சுரி' என்பதில் எதுவும் பெரியதில்லை. 'வேர்ல்டு வார் டூ' என்பது நிகழ்ச்சியின் பெயர், பெரிய எழுத்து. அதையே பிறகு 'தி வார்' என்று சுருக்கினால் மறுபடி சிறியது.

கோள்கள்: மார்ஸ், வீனஸ் பெரிய எழுத்து. சன், மூன் பொதுவான எழுத்தில் சின்னதாகவே வருகின்றன. எர்த் மற்றக் கோள்களோடு சேர்ந்து வந்தால் பெரியது, மண் என்ற பொருளில் சிறியது.

நோய்களில் ஆளின் பெயர் மட்டும் பெரியது: பார்க்கின்சன்ஸ் டிசீஸ் என்பதில் பார்க்கின்சனுக்குப் பெரிய எழுத்து, டிசீஸுக்குச் சின்ன எழுத்து. டயபெட்டிஸ் முழுக்கச் சிறியது. உயிரியல் பெயர்களில் முதல் சொல் பெரியது, இரண்டாவது சிறியது: ஹோமோ சேப்பியன்ஸ் என்பதில் எச் பெரியது, எஸ் சின்னது. இதில் விதிவிலக்கே கிடையாது.

பெரிய எழுத்து மாறினால் பொருளே மாறும் சொற்கள் சில உண்டு. பெரிய சியில் சீனா நாடு, சின்ன சியில் பீங்கான். பெரிய டியில் துருக்கி, சின்ன டியில் வான்கோழி. பெரிய எம்மில் மார்ச் மாதம், சின்ன எம்மில் அணிவகுப்பு. என் கண்ணில் இதில் வேடிக்கையானது 'பாலிஷ்'. முதல் எழுத்தைப் பெரிதாக்கினால் அது போலந்துக்காரரைக் குறிக்கும் 'போலிஷ்' ஆகி, உச்சரிப்பும் மாறிவிடுகிறது.

4. பதவிகளும் உறவுமுறைகளும்

மரியாதை என்ற எண்ணம் நம்மைக் கவிழ்க்கும் இடம் இது. மேலாளரைச் சின்ன எம்மில் எழுதினால் கோபித்துக்கொள்வாரோ என்று தோன்றும். கோபித்துக்கொள்ளமாட்டார்.

பதவி பெயருக்கு முன்னால் ஒட்டி வந்தால் பெரிய எழுத்து: 'பிரெசிடென்ட் லிங்கன்'. பெயர் இல்லாமல் தனியாக வந்தாலோ, பெயருக்குப் பின்னால் காற்புள்ளிக்கு அப்புறம் விளக்கமாக வந்தாலோ சின்ன எழுத்து: 'தி பிரெசிடென்ட்', 'லிங்கன், தி பிரெசிடென்ட்'. மேனேஜர், டைரக்டர், புரொஃபசர் எல்லாவற்றுக்கும் இதுவே. 'மை மேனேஜர் அப்ரூவ்டு இட்' என்றால் மேனேஜருக்குச் சின்ன எம்.

உறவுமுறையில் பார்க்க வேண்டியது 'மை' என்ற சொல்லை. 'மை மதர்' என்றால் சின்ன எழுத்து. அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல 'மதர்' என்று மட்டும் எழுதினால் பெரிய எழுத்து. 'அங்கிள் ஜான்' என்றால் பெரியது, 'மை அங்கிள் ஜான்' என்றால் அங்கிள் சிறியது. 'மை', 'ஹிஸ்', 'ஹெர்' முன்னால் வந்தாலே உறவு பொதுச்சொல் ஆகிவிடும்.

'சர்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் அதை வரிக்கு வரி போடுகிறோம். கடிதத்தின் தொடக்கத்தில் 'டியர் சர்' என்று வந்தால் பெரிய எஸ். பிரிட்டனின் பட்டமாகப் பெயருக்கு முன் வந்தால், 'சர் ஐசக் நியூட்டன்' என்பதுபோல, பெரிய எஸ். வாக்கியத்துக்குள் விளியாக வரும் 'யெஸ், சர்' சின்ன எஸ்.

5. தலைப்புகள்

ஆங்கிலத் தலைப்புக்கு இரண்டு பாணி இருக்கிறது. ஒன்றில் முக்கியச் சொற்கள் அனைத்தும் பெரிய எழுத்தில் தொடங்கும். மற்றதில் வாக்கியத்தைப் போல முதல் சொல்லும் பெயர்களும் மட்டும். நியூயார்க் டைம்ஸ் முதல் பாணியில் தலைப்பு போடுகிறது. பிபிசியும் கார்டியனும் இரண்டாவது பாணி. எதை வேண்டுமானாலும் எடுங்கள். ஒரே ஆவணத்தில் ஒரு தலைப்பு இப்படி, அடுத்தது அப்படி என்று இருந்தால்தான் அசிங்கமாகத் தெரியும். உங்களுக்குத் தேர்வு இருக்கும்போது இரண்டாவது பாணியை எடுத்துக்கொள்ளச் சொல்வேன், விதி குறைவு.

முதல் பாணி கட்டாயம் என்றால் கவனிக்க வேண்டியவை: எ, அன், தி, அண்ட், பட், ஆர், ஆஃப், இன், ஆன், டு, ஃபார் போன்றவை தலைப்பின் நடுவில் சின்ன எழுத்து. தலைப்பின் முதல் சொல்லாக வந்தால் இவையும் பெரிய எழுத்து. துணைத்தலைப்பு இருந்தால் முக்காற்புள்ளிக்குப் பின் வரும் முதல் சொல்லும் பெரிய எழுத்து.

பொறி எங்கே என்றால், சின்னச் சொல் என்றாலே சின்ன எழுத்து என்று நினைத்துவிடுவது. 'இஸ்', 'பி' வினைச்சொற்கள். 'இட்', 'மை' பெயருக்குப் பதில் வருபவை. இரண்டே எழுத்து என்றாலும் தலைப்பில் இவை பெரிய எழுத்தில்தான் தொடங்கும். அச்சான புத்தக அட்டைகளில்கூட 'இஸ்' சின்ன ஐயில் கிடப்பதைப் பார்க்கலாம்.

'வித்', 'ஃப்ரம்' போன்ற நான்கெழுத்துச் சொற்களில் கையேடுகளுக்குள் சண்டை. ஏபிஏ நான்கு எழுத்திலிருந்தே பெரியதாக்கச் சொல்கிறது. சிகாகோ 2024இல் வந்த 18ஆம் பதிப்பில், இத்தகைய முன்னிடைச் சொற்களை ஐந்து எழுத்திலிருந்துதான் பெரியதாக்கச் சொல்கிறது. அதாவது 'வித்' ஏபிஏவில் பெரியது, சிகாகோவில் சிறியது.

ஆய்வு மாணவர்களுக்கு: ஏபிஏ முறையில் உங்கள் கட்டுரையின் தலைப்பு முதல் பாணியில் இருக்கும். பின்னால் வரும் மேற்கோள் பட்டியலில் கட்டுரைகள், நூல்களின் தலைப்பு இரண்டாவது பாணியில் இருக்கும். அதே பட்டியலில் ஆய்விதழின் பெயர் மறுபடி முதல் பாணியில். ஒரே வரிக்குள் இரண்டு பாணி! வழிகாட்டியிடமிருந்து சிவப்பு மையோடு திரும்பி வரும் பக்கங்களில் இது எப்படியும் இருக்கும். மென்பொருள் திரட்டித் தரும் மேற்கோள்களை அப்படியே நம்பி ஒட்டாதீர்கள். மூலத் தளத்தில் தலைப்பு எப்படி இருந்ததோ அப்படியே வந்து உட்கார்ந்திருக்கும்.

6. கடிதம், மின்னஞ்சல், தற்குறிப்பு

கடிதத்தின் முடிவில் 'யுவர்ஸ் சின்சியர்லி', 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்பதில் முதல் சொல் மட்டும் பெரிய எழுத்து. இரண்டாவது சொல்லையும் பெரிதாக்குவது நம் பக்கத்தில் வேரோடிப் போன பழக்கம். 'தேங்க் யூ', 'பெஸ்ட் ரிகார்ட்ஸ்' முடிவாக வந்தாலும் இதே கதைதான்.

மின்னஞ்சலின் பொருள் வரியை வாக்கியப் பாணியில் எழுதினால் போதும். முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினால் படிப்பவர் காதில் அது கத்தலாகவே விழும். 'அவசரம்' என்பதை மட்டும் பெரிய எழுத்தில் போட்டாலும் அப்படித்தான். வலியுறுத்த வேண்டும் என்றால் தடித்த எழுத்து இருக்கிறது. அதைவிட, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று எழுதிவிடுவது நல்லது.

தற்குறிப்பில் இரண்டு வகை வரிகள் இருக்கும். தலைப்பு வரியாக வரும் பதவியை, நிறுவனத்தின் பெயருக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதலாம், எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அதன் கீழே வாக்கியமாக விவரிக்கும்போது அதே பதவி சின்ன எழுத்துக்குப் போய்விடும். புள்ளியிட்ட பட்டியலில் ஒவ்வொரு வரியும் பெரிய எழுத்தில் தொடங்கலாம், சின்ன எழுத்திலும் தொடங்கலாம். ஒரே பட்டியலில் கலக்கக்கூடாது. பட்டங்களைச் சுருக்கி எழுதும்போது கவனம்: பிஎச்டி என்பதில் நடுவில் வரும் எச் சின்ன எழுத்து. எம்எஸ்சி என்பதில் கடைசி சி சின்ன எழுத்து.

ஒப்பந்தங்கள் தனி உலகம். 'தி கம்பெனி', 'தி எம்ப்ளாயி' என்று நடுவாக்கியத்தில் பெரிய எழுத்து வந்தால் அது பிழை அல்ல. ஆவணத்தின் தொடக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு குறிப்பிட்ட பொருளை வரையறுத்திருப்பார்கள்; பெரிய எழுத்து அதைச் சுட்டுகிறது. தட்டச்சு செய்யும்போது இந்தக் கட்டுரையை நம்பி அதையெல்லாம் சிறிதாக்கிவிடாதீர்கள்.

7. படிவங்கள்

'பிளாக் லெட்டர்ஸ்', 'பிளாக் கேப்பிட்டல்ஸ்' என்று படிவத்தில் இருந்தால் எல்லா எழுத்தையும் பெரியதாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக எழுத வேண்டும். இங்கே மேலே சொன்ன விதி எதுவும் செல்லாது. கட்டம் போட்டிருந்தால் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, பெயருக்கும் தலைப்பெழுத்துக்கும் நடுவே ஒரு காலிக் கட்டம்.

பாஸ்போர்ட் விவரப் பக்கத்தின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் இருக்கும், வரிக்கு 44 குறிகள். அதில் சின்ன எழுத்தே கிடையாது. விமானச் சீட்டிலும் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில்தான் வரும். ஆகவே பாஸ்போர்ட்டில் எல்லாம் பெரிய எழுத்து, சான்றிதழில் முதல் எழுத்து மட்டும் பெரியது என்பதற்காகப் பெயர் மாறிவிட்டதாகப் பயப்பட வேண்டாம். அலுவலகங்கள் பார்ப்பது எழுத்துக்கூட்டலையும் பெயர்களின் வரிசையையும். திருத்தக் கட்டணமும் அலைச்சலும் வருவது அங்கேதான், எழுத்தின் அளவில் அல்ல.

தமிழைத் தங்கிலீஷில் தட்டிப் பழகியவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஒலிப்பு விசைப்பலகையில் பெரிய என் போட்டால் 'ண', பெரிய எல் போட்டால் 'ள' வரும். அந்தப் பழக்கத்தில் படிவத்திலும் தன் பெயரின் நடுவே பெரிய என் போடுபவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுத்தின் அளவு ஒலியை மாற்றாது. பெயரின் நடுவில் வரும் பெரிய எழுத்து 'மெக்டொனால்ட்', 'ஓப்ரையன்' போன்ற பெயர்களில் மட்டும்தான். பிறர் பெயரை எழுதும்போது அவர் எப்படி எழுதிக்கொள்கிறாரோ அப்படியே எழுதுங்கள். ஓவியர் வின்சென்ட் வான் கோவின் 'வான்' சின்ன வியில் எழுதப்படுகிறது. எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் தன் பெயர் முழுவதையும் சின்ன எழுத்தில்தான் எழுதினார்.

மின்னஞ்சல் முகவரியில் பெரிய எழுத்து வந்துவிட்டதே என்று கவலை வேண்டாம், பரவலாகப் பயன்படும் சேவைகள் வேறுபாடு பார்ப்பதில்லை. கடவுச்சொல்லில் பார்க்கும். இணைய முகவரியில் தளத்தின் பெயருக்கு வேறுபாடு இல்லை, அதற்குப் பின் சாய்கோட்டுக்கு அப்பால் வருவதில் இருக்கலாம். அதனால் முகவரியைத் தட்டாதீர்கள், நகலெடுத்து ஒட்டுங்கள்.

8. சுருக்கங்களும் அலகுகளும்

முதலெழுத்துகளைச் சேர்த்த சுருக்கங்கள் பொதுவாக முழுவதும் பெரிய எழுத்து. நாசா அமெரிக்க எழுத்தில் நான்கும் பெரியது. கார்டியன் போன்ற பிரிட்டிஷ் பத்திரிகைகளில் சொல்லாக உச்சரிக்கப்படும் சுருக்கங்களுக்கு முதல் எழுத்து மட்டும் பெரியது. லேசர், ரேடார் இரண்டும் ஒரு காலத்தில் சுருக்கங்கள்; இன்று சாதாரணச் சொற்கள், சின்ன எழுத்து. இன்டர்நெட்டும் இப்படி இறங்கி வந்ததுதான்: ஏபி 2016 முதல் அதைச் சின்ன ஐயில் எழுதுகிறது. வைஃபை என்பதில் மட்டும் டபிள்யூவும் எஃப்பும் பெரியவை. ஐஃபோன் சின்ன ஐயில் தொடங்கும். வாக்கியத்தின் முதலில் அது வந்து நின்றால் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு எழுதிவிடுங்கள், வம்பில்லை.

அலகுகளில் பிழை செய்தால் அழகு மட்டும் கெடாது, அளவே மாறும். கிலோவின் கே எப்போதும் சின்ன எழுத்து. கிலோகிராமுக்குக் கேயும் ஜியும் இரண்டுமே சிறியவை. வாட் என்பதன் குறி பெரிய டபிள்யூ, முழுச் சொல்லாக எழுதினால் சின்ன டபிள்யூ. அதற்கு முன் சின்ன எம் வந்தால் மில்லிவாட், பெரிய எம் வந்தால் மெகாவாட்; இரண்டுக்கும் நடுவே 100 கோடி மடங்கு. இணைய வேகத்தில் சின்ன பி வந்தால் மெகாபிட், பெரிய பி வந்தால் மெகாபைட், எட்டு மடங்கு வித்தியாசம். வேதியியலில் பெரிய சி, சின்ன ஓ என்றால் கோபால்ட். இரண்டும் பெரியது என்றால் கார்பன் மோனாக்சைடு.

9. கருவிகள் செய்யும் குளறுபடி

வேர்டில் வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானே பெரிதாக்கும் வசதி இருக்கிறது. ஒரு சுருக்கத்துக்குப் பின் புள்ளி வைத்தால் வாக்கியம் முடிந்துவிட்டது என்று நினைத்து அடுத்த சொல்லையும் பெரிதாக்கிவிடும். கிழமைகளைத் தானே திருத்தும். மாதங்களுக்கு அந்த வசதியை நம்பாதீர்கள்.

முழுக்கப் பெரிய எழுத்தில் தட்டிவிட்டால் அழித்துவிட்டு மறுபடி தட்ட வேண்டாம். வேர்டில் அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட், எஃப்3 சேர்த்து அழுத்துங்கள். அழுத்த அழுத்த மாறிக்கொண்டே வரும். கூகுள் டாக்ஸில் ஃபார்மட் பட்டியலுக்குள் டெக்ஸ்ட் என்பதன் கீழ் இது இருக்கிறது. ஃபோனில் ஷிஃப்ட்டை இருமுறை தட்டினால் பெரிய எழுத்திலேயே நிற்கும். எப்படி மாற்றினாலும் அப்புறம் ஒருமுறை படிக்க வேண்டும், கருவிக்குப் பெயர் எது, பொதுச்சொல் எது என்று தெரியாது.

எக்செலில் பெயர்ப் பட்டியலைச் சீராக்க 'ப்ராப்பர்' என்ற செயற்கூறைப் பலர் பயன்படுத்துகிறார்கள். எழுத்தல்லாத எந்தக் குறிக்குப் பின் வரும் எழுத்தையும் அது பெரிதாக்கிவிடும். மேற்கோள் குறி உள்ள 'இட்ஸ்' என்ற சொல்லின் கடைசி எஸ் திடீரென்று பெரியதாகி நிற்கும். மெக்டொனால்டின் நடுவில் இருக்கும் பெரிய டி சின்னதாகிவிடும். நூறு பேர் பட்டியலுக்கு நேரம் மிச்சம்தான், ஆனால் அச்சுக்கு அனுப்பும் முன் கண்ணால் ஓட்டிப் பார்க்க வேண்டும். சான்றிதழ் அச்சாகி வந்தபின் கண்டுபிடித்தால் மறு அச்சுக்குக் காசு.

10. அனுப்பும் முன் சரிபார்க்கும் வரிசை

ஒரு பக்கக் கடிதத்துக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பொருளைப் படிக்காதீர்கள், பெரிய எழுத்துகளை மட்டும் தேடுங்கள். கடைசி வாக்கியத்திலிருந்து மேலே வந்தால் பொருளுக்குள் இழுபட மாட்டீர்கள். வாக்கியத் தொடக்கம் அல்லாத ஒவ்வொரு பெரிய எழுத்திலும் நின்று, 'இது யாருடைய, எதனுடைய பெயர்?' என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் சிறிதாக்கிவிடுங்கள். பதில் வந்தும் சந்தேகம் என்றால் அகராதி. அகராதியிலும் இரண்டு விதமாக இருந்தால் சின்ன எழுத்து, அதையே ஆவணம் முழுவதும்.

அடுத்து, ஐ, மொழி, மாதம், கிழமை நான்குக்கும் ஒரு வேகப் பார்வை. பிறகு தலைப்புகளை மட்டும் மேலிருந்து கீழாக. எல்லாம் ஒரே பாணியில் இருக்கிறதா? மற்றவர்களின் பெயர்களையும் நிறுவனங்களின் பெயர்களையும் அவர்களுடைய சொந்தத் தளத்திலோ கடிதத்தாளிலோ இருப்பதோடு ஒப்பிடுங்கள். நினைவை நம்பாதீர்கள்.

இணைப்பாக அனுப்பும் கோப்பின் பெயரையும் பார்த்துவிடுங்கள். சர்வர்களில் பெரும்பாலும் ஓடும் லினக்ஸில், ஒரே பெயரைப் பெரிய எழுத்திலும் சின்ன எழுத்திலும் வைத்தால் அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். விண்ணப்பத் தளம் ஒரு பெயர் வடிவத்தைக் கேட்டிருந்தால் எழுத்துக்கு எழுத்து அப்படியே வையுங்கள்.